சரித்திரமும் அட்டவணையும்

அட்டவணை போடுவதில் எனக்கு நிகர் யாரும் இல்லை. அதன்படி படிப்பதில்தான் கொஞ்சம் சிரமம்.

கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டவன் நான். அந்த இரண்டு வருஷமும் எனக்குப் பிடித்த பாடம் உலக சரித்திரம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிய தாள் ஒன்று வாங்கி, கட்டம் கட்டி, யுத்தங்களுக்குச் சிவப்பு மை, உடன்படிக்கைகளுக்கு நீல மை என்று பிரித்து அட்டவணை எழுதினேன். அதற்கே மூன்று நாள் ஆயிற்று. பிறகு பிரெஞ்சுப் புரட்சியில் நுழைந்தேன். வெளியே வர மனமில்லை. நெப்போலியன் எல்பாத் தீவில் கரை இறங்கிய அன்று பரீட்சை வந்துவிட்டது. கேள்வித்தாளோ வெர்சேல்ஸ் உடன்படிக்கையைப் பற்றிக் கேட்டது. நான் எல்பாவிலேயே நின்றுவிட்டேன்.

இப்படிப்பட்ட என்னிடம், பாம்பனில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெண் ஒருத்தி வந்து நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு. தகப்பனார் விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்.

"மாமா, உலக வரலாறு ஆறு பாடம் கிடக்கு. பரீட்சைக்கு ஆறு வாரந்தான் இருக்கு. ஒரு அட்டவணை போட்டுக் குடுங்க."

பழைய ஆசை தலை தூக்கிற்று. அன்று மாலையே போட்டுவிட்டேன். நாற்பத்திரண்டு நாள், பாடத்துக்கு ஆறு நாள், கடைசி ஆறு நாள் திரும்பிப் பார்க்க. கணக்கு எவ்வளவு அழகாக அமைந்துவிட்டது! அவள் தாளை வெகு நேரம் பார்த்தாள்.

"எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கே, மாமா?"

"நாள் என்றால் ஒரே மாதிரிதானே அம்மா இருக்கும்?"

"எங்க வீட்ல அப்படி இல்லையே."

உண்மைதான். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும். காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் காலையில்தான் கரை. அந்த மூன்று இரவும் அவள் தாய் தூங்குவதில்லை. கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகுகளின் கதை இந்தக் கரையில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

"அன்னைக்கு ராத்திரி புதுசாப் படிச்சா மண்டையில ஏறாது மாமா. கை மட்டுந்தான் ஓடும்" என்றாள்.

என் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அவளே கோடு போட்டாள். கடலுக்குப் போகும் மூன்று இரவும் வரைபடம் வரைவது, வருஷங்களை எழுதிப் பார்ப்பது. தகப்பனார் வீட்டில் இருக்கும் மூன்று இரவு புதுப் பாடம். ஏழாவது கட்டம் காலி.

"இது எதற்கு?"

"படகு வர நேரமாயிருச்சுன்னா?"

நான் ஒன்றும் பேசவில்லை. வருஷங்கள் மட்டும் மனத்தில் நிற்பதில்லை என்று அவள் சொன்னபோதுதான் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. அவளுக்குத் தெரிந்த ஊரைக் கொண்டே ஆணி அடித்துக் கொடுத்தேன். பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. இப்போது ரயில் போவது 2025-இல் திறந்த புதுப் பாலத்தில்தான். ஆனாலும் பழையதைத் தெரியாத குழந்தை இங்கே இல்லை. அது திறந்து ஐந்து மாதத்தில் முதல் உலக யுத்தம். எதிர்க்கரை மன்னாரைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்தது 1658. 1789-இல் பாரிஸில் கிளம்பிய புரட்சி அலை, 1795 ஜனவரியில் ஹாலந்தை மூழ்கடித்தது. ஹாலந்து பிரெஞ்சுக்காரர் பக்கம் போய்விட்டதே என்று, டச்சுக்காரர் வசமிருந்த இலங்கைத் துறைமுகங்களை ஆங்கிலேயர் அந்த வருஷமே பறிக்கத் தொடங்கினர். 1796 பிப்ரவரியில் கொழும்பு விழுந்தது. நம் ராமநாதபுரத்து முத்துராமலிங்க சேதுபதியை அவர்கள் பதவியிலிருந்து இறக்கிச் சிறை வைத்ததும் அதே 1795-இல்தான்.

"அப்ப பிரெஞ்சுப் புரட்சி நம்ம ஊர் வரைக்கும் வந்திருக்கு!" என்றாள். நான் கல்லூரியில் படித்தபோது எனக்குத் தோன்றாத விஷயம் அது.

சற்று நேரம் கழித்துக் கேட்டாள்: "கச்சத்தீவுக் கோடு போட்டாங்களே, அது எந்த வருஷம் மாமா?"

"1974. மன்னார் வளைகுடாவுக்கு 1976."

"அது பரீட்சைக்கு வருமா?"

"உலக வரலாற்றில் கேட்கமாட்டார்கள்."

"அப்ப அதைச் சேர்க்க வேண்டாம். அது எப்பவும் ஞாபகம் இருக்கும்."

நாலாவது வாரத்தில் ஒரு நாள் படகு காலையில் வரவில்லை. பத்து மணி ஆயிற்று; பன்னிரண்டு ஆயிற்று. தெருவே அந்த வாசலில் கூடிவிட்டது. அவள் தாயின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஹிட்லரும் முசோலினியும் அன்று எங்கே போனார்களோ! மூன்று மணிக்கு மேல் தகவல் வந்தது. நடுக்கடலில் என்ஜின் கோளாறாம். வேறு படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருகிறதாம். தகப்பனார் வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

மறுநாள் அவளைப் பார்த்தேன். "ஒரு நாள் போய்விட்டதே, அம்மா?"

"போகலை மாமா. காலிக் கட்டம் இருந்துச்சுல்ல?"

என் அட்டவணையாக இருந்தால் அந்த ஒரு நாளில் முறிந்திருக்கும். முறிந்த அட்டவணையைப் பார்த்துப் பயந்து பையன்கள் புத்தகத்தையே மூடிவிடுவார்கள். அப்படி மூடியவர்களில் நானும் ஒருவன். நாட்களை எண்ணத் தெரிந்திருந்தது எனக்கு. அந்த நாட்களில் என்ன நடக்கும் என்று யோசிக்கத் தெரியவில்லை. அவளுக்கு அதைக் கடல் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

பரீட்சை எழுதிவிட்டு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். "ஆறு பாடமும் முடிச்சுட்டுத்தான் போனேன் மாமா" என்றாள். மார்க்கைப் பற்றி நான் கேட்கவில்லை. எல்பாவைத் தாண்டி விட்டாள். எனக்கு அது போதும்.

தொடர்கதை எழுத நாள் வகுக்கும்போது இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு கட்டம் காலியாக விடுகிறேன். பத்திரிகாசிரியர் அது எதற்கு என்று கேட்டார். படகு வர நேரமாகலாம் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.