நாளைக்கு என்ன ஊறணும்?

எங்கள் வீட்டில் பணம் கரைந்தது மளிகைக் கடையில் இல்லை. மாதம் பிறந்ததும் பஜாரில் லிஸ்ட் கொடுத்து வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் எல்லாம் சேர்ந்த பில் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே தொகைதான். சாயங்காலம் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில்தான் ஓட்டை. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி, திருத்த வேண்டிய நோட்டுகளை மேசைமேல் இறக்கிவிட்டு, "ஏங்க, ராத்திரிக்கு என்ன பண்றது?" என்று கேட்பேன். அதற்குப் பதில் தெருமுனைக் கடையில் இருக்கும்: ஒரு மாவு பாக்கெட், ஆறு முட்டை, கொஞ்சம் தக்காளி. மாவு வாங்கப் போன கையோடு மகளுக்கு ஒரு சிப்ஸ், காபிக்கு இன்னும் அரை லிட்டர் பால். ரொம்ப அலுத்த நாளென்றால் பரோட்டா பார்சல். போனைக் காட்டி ஸ்கேன் பண்ணிவிட்டு வந்துவிடுவதால் பர்ஸ் இளைப்பதும் கண்ணில் படாது.

இந்தச் சாயங்காலங்களை நடத்திக்கொண்டிருந்தது என் கணவரின் ஓ.டி. பணம். மறைமலைநகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஆர்டர் குறைந்து ஓ.டி. நின்றபோது சம்பளம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இருபதாம் தேதிக்கு மேல் வீடு தடுமாறியது. இரண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு என்று வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவும் சமூக அறிவியல் டீச்சர். வகுப்பில் நாட்டின் பட்ஜெட்டையே விளக்குகிறவள்.

ஒரு மாதம் எதையும் மாற்றாமல் எழுதிமட்டும் வைத்தேன். மகளின் பழைய கணக்கு நோட்டில், வாங்கிய ஒவ்வொன்றும், ஐந்து ரூபாய் கொத்தமல்லி உட்பட. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது அரிசியும் பருப்பும் சிறிய வரிகளாக மேலே கிடந்தன. கீழே பக்கம் பக்கமாக நீண்டது மாவு பாக்கெட், பிஸ்கட், முட்டை, பார்சல். நம் வீடு மட்டும்தான் இப்படியோ என்றால் அதுவும் இல்லை. 2022–23ஆம் ஆண்டு நடந்த மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், இந்திய நகரங்களில் ஒரு குடும்பத்தின் மொத்தச் செலவில் தானியங்களுக்குப் போவது 4 சதவீதத்துக்கும் கீழே. பானங்களுக்கும் தின்பண்டங்களுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் போவது 10 சதவீதத்துக்கு மேல். சிக்கனம் என்றவுடன் அரிசி ரகத்தைக் குறைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று புரிந்தது. அவசரத்துக்குக் கிடைப்பதெல்லாம் விலை கூடியது. மலிவானது அத்தனையும் முந்தின இரவே தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும். காராமணி, மொச்சை, கொண்டைக்கடலை, இட்லிக்கு அரிசி, உளுந்து எதுவும் ஆறரை மணிக்கு நினைத்தால் ஏழரைக்குத் தட்டுக்கு வராது. வருவது பனீரும் முட்டையும் மாவு பாக்கெட்டும்தான்.

முதலில் எல்லோரையும்போல ஏழு நாளுக்கும் மூன்று வேளைக்கும் கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். புதன்கிழமை வெண்டைக்காய் என்று கட்டம் சொல்லும். தள்ளுவண்டியில் அன்று புடலங்காய்தான் மலிவாக இருக்கும். கட்டத்துக்காக வெண்டைக்காய் வாங்கினால் அது என்ன சிக்கனம்? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒழிக்கும்போது மகள் கேட்க வேண்டும்: "அம்மா, நாளைக்கு என்ன ஊறணும்?" காய் எதுவானாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பயறு ஊறியிருந்தால் பாதிச் சமையல் முடிந்தது. காராமணி ஊறினால் கத்தரிக்காயோ முருங்கைக்காயோ எது கிடைத்தாலும் காரக்குழம்பு. பச்சைப்பயறு ஊறினால் எந்தக் கீரையோடும் கூட்டு. ஊறிய பயறு குக்கரில் சீக்கிரம் வெந்துவிடுவதால் கேஸும் மிச்சம்.

பெரிய மிச்சம் மாவில் வந்தது. எங்கள் அரிசி அட்டைக்கு ரேஷனில் மாதம் 20 கிலோ. 2011 ஜூனிலிருந்து அதற்கு விலையே கிடையாது. கூடவே ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும். வெளியே பருப்பு 150 ரூபாயைத் தாண்டிய மாதங்களிலும் ரேஷனில் அதே 30தான். இதில் புழுங்கலரிசி இட்லிக்கென்றே விளைந்ததுபோல் இருக்கும். நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவினால் அந்த மூட்டை வாசனை போய்விடும். நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரைக்க கிரைண்டர் வேண்டுமே என்று யோசித்தபோது மாமியார் பரணைக் காட்டினார். 2011இல் அரசு ஆரம்பித்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் திருக்கழுக்குன்றத்தில் அவர் வாங்கியது. அப்போதைய முதல்வரின் படம் ஒட்டியது, பிரிக்காத பெட்டியோடு இருந்தது. "உனக்குப் பாக்கெட்டே புடிக்கும்னு நெனச்சேன்மா" என்றார். குத்தலா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று இன்றுவரை தெரியாது.

ஞாயிறு அரைத்தால் முதலில் இட்லி, பிறகு தோசை, புளித்த கடைசி மாவில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். கிலோ 50 ரூபாய்ப் பக்கம் விற்கும் பாக்கெட் வீட்டுக்குள் வருவது நின்றது. மாவு வாங்கப் போகாததால் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த சிப்ஸும் நின்றது. இரண்டாவதுதான் பெரிய தொகை.

தக்காளி விஷயத்திலும் மாமியார்தான் வழி காட்டினார். 2023 ஜூலையில் விலை ஏறி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிவந்தது நினைவிருக்கும். நான் கால் கிலோ, கால் கிலோவாக வாங்கிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, தக்காளி வரதுக்கு முன்னாடி யாரும் ரசமே வைக்கலையா?" என்றார். தக்காளி கடல் கடந்து வந்த காய் என்று நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அதில்லாமல் ரசம் வைக்க எனக்குக் கை வரவில்லை. புளியைக் கொஞ்சம் கூட்டி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு அவர் வைத்த ரசத்துக்கு வீட்டில் யாரும் தக்காளியைத் தேடவில்லை. தோல், தண்டு, இலை எதையும் குப்பைக்கு அனுப்பாத பழக்கமும் அவரிடமிருந்துதான். பீர்க்கங்காய்த் தோலில் துவையல், முள்ளங்கி இலையில் பொரியல். கோடையில் சாலையோரமெல்லாம் தர்பூசணி குவியும்போது அதன் சிவப்புக்கும் பச்சைத் தோலுக்கும் நடுவிலுள்ள வெள்ளைச் சதையை வெட்டி மோர்க்குழம்பில் போடுவார். பூசணிக்காய் என்றே என் மகள் நினைத்துச் சாப்பிட்டாள்.

மீனுக்கு மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டில். செங்கல்பட்டு மார்க்கெட்டில் வெட்டி, கழுவி, துண்டு போட்டுக் கொடுக்கும் வஞ்சிரத்துக்குப் பழகிய பிறகுதான் நான் பிறந்த ஊரின் மீனை மறந்திருந்தேன். "பேரைப் பாத்து வாங்காதடி, கண்ணைப் பாத்து வாங்கு" என்பது அம்மாவின் பாடம். கண் தெளிந்திருந்தால், செவுள் சிவந்திருந்தால், காரப்பொடியும் மத்தியும் நெத்திலியும் வஞ்சிரத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. கரையில் கூறு கட்டி விற்கும்போது வெயில் ஏற ஏற விலை இறங்கும். இருக்கிற கூட்டம் கலைந்து கடைசிக் கூறு மிஞ்சும் நேரம் பார்த்து வாங்குவது அம்மாவின் வழக்கம். இதற்கென்றே பெட்ரோல் போட்டுக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து போனால் மிச்சமெல்லாம் வண்டி குடித்துவிடும். அம்மாவைப் பார்க்கப் போகும்போது வாங்கி வந்தால்தான் லாபம்.

கடற்கரைக்காரர்களுக்கு மீன் செலவு வருஷக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். பெரிய மீனின் விலை எட்டாத உயரத்துக்குப் போவது அப்போதுதான். ஃபைபர் படகுகளுக்கு அந்தத் தடை இல்லாததால் எங்கள் ஊர்க் கரையில் சின்ன மீன் அப்போதும் இறங்கும். மாங்காயும் அதே பருவத்தில் மலிவு. நெத்திலியும் மாங்காயும் போட்ட குழம்பு பிறந்ததே இந்தச் சேர்க்கையில்தான் என்று நினைக்கிறேன். மீன் மலிந்து கிடக்கும் நாளில் அம்மா கருவாடு காயவைத்துவிடுவார். அது என் டப்பாவுக்கும் வரும். முந்தின இரவு மொச்சை ஊறியிருந்தால், கத்தரிக்காயும் ஒரு பிடி கருவாடும் போதும். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குக்கூடக் கூசாமல் வைக்கலாம்.

இத்தனைக்கும் ஒரு விலை உண்டு. கிலோ நெத்திலியின் தலையை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வஞ்சிரத் துண்டு விற்பவர் நம் நேரத்தையும் சேர்த்துத்தான் விற்கிறார். சிக்கனச் சமையல் என்று எழுதுகிறவர்கள் இந்த வரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அது அநேகமாக ஒரு பெண்ணின் தூக்கத்திலிருந்து கழிகிறது. எங்கள் வீட்டிலும் முதல் மாதங்களில் அப்படித்தான் கழிந்தது. வீட்டுச் செலவில் ஏறக்குறைய கால்வாசி குறைந்தபோது என் கணவர் சந்தோஷப்பட்டார். நான் பத்தாம் வகுப்பு விடைத்தாளின் மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் சுவிட்சைக் காட்டி, "இனிமே இது உங்க ஓ.டி." என்று சொல்லிவிட்டேன். இப்போது அரைப்பது அவர், பூண்டு உரிப்பது மகள். உளுந்தின் பதம் இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. இட்லி சில வாரம் கல்லாகும். நான் வாய் திறப்பதில்லை.

சொல்லக் கூச்சமாக இருக்கும் பகுதி வேறு. நோட்டு எழுத ஆரம்பித்த பிறகு என் கண் மாறிவிட்டது. மாமியார் இரண்டாவது அப்பளம் எடுத்தால் உள்ளுக்குள் கூட்டல் ஓடும். சாப்பாட்டு நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டால், யார் என்பதற்கு முன் சோறு காணுமா என்று தோன்றும். இதைவிட மோசமானது ரேஷன் அரிசி. அதுவரை நாங்கள் அதைச் சாப்பிட்டதில்லை. வாங்கி, பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்குக் கொடுத்துவிடுவோம். அவர் வீட்டில் ஆள் அதிகம். அவர் அட்டை அரிசி போதாது. எங்களுக்கு இட்லி அரிசி ஆனபோது அந்த 20 கிலோ அவர் வீட்டில் குறைந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் நோட்டில் அது மிச்சம் என்று பதிவானது.

அந்த நாட்களில் வகுப்புக்காக எங்கள் மாவட்டத்தின் பழைய கணக்கு ஒன்றைப் படித்தேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த செங்கல்பட்டு ஜாகீரை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். அந்தக் காலத்து ஊர்க் கணக்குகள் ஓலையில் இருந்தவை. திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களின் ஓலைகள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. களத்தில் நெல் குவிந்ததும் விளைவித்தவர் மூட்டை கட்டிவிட முடியாது. கோயில், காவல், கணக்குப்பிள்ளை, கொல்லர், தச்சர், வண்ணார் என்று ஊருக்கு உழைத்த ஒவ்வொருவருக்கும் பங்கு அளந்த பிறகுதான் மிச்சம் பிரியும். அந்த ஏற்பாட்டுக்குள் சாதியின் மேல்கீழ் இருந்தது. யார் களத்தில் எங்கே நிற்கலாம் என்பதும் அதில் எழுதாமல் எழுதியிருந்தது. பொற்காலம் என்று நான் பாட மாட்டேன். ஆனால் கொடுக்க வேண்டியதைக் கழித்த பிறகே வீட்டுக் கணக்குத் தொடங்குகிறது என்ற வரிசை எனக்கு உறைத்தது. என் நோட்டில் அப்படி ஒரு வரியே இல்லை.

இப்போது முதல் பக்கத்தின் முதல் வரி அதுதான். ரேஷன் பச்சரிசி முழுவதும் அக்காவுக்கு, புழுங்கல் எங்களுக்கு. விருந்தாளிக்கென்று ஒரு தொகையை மாத ஆரம்பத்திலேயே கழித்து எழுதிவிடுகிறேன். அதற்குள் வருகிற அப்பளத்தையும் இரண்டாவது காபியையும் நான் எண்ணுவதில்லை. யாரும் வராத மாதங்களில் அந்தப் பணம் அப்படியே கிடக்கிறது. "அதை எடுத்து எண்ணெய்க்குப் போட்டா இந்த மாசம் பற்றாக்குறையே வராதே, இது என்ன கணக்கு?" என்று என் கணவர் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். கணக்காகப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். நான் எடுப்பதில்லை.