சினைக் குதிரையின் பதினைந்தாம் நாள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோயில் திருவிழா என்றால் பல ஊர்களில் எல்கைப் பந்தயமும் சேர்ந்தே வரும். மாட்டு வண்டிகள் ஓடி முடித்ததும் குதிரை வண்டிகள் இறங்கும். அறந்தாங்கி, மணமேல்குடி பக்கத்துச் சாலைகளில் இரு புறமும் கூட்டம் நெருக்கியடித்து நிற்கும். ஜெயித்த சாரதியின் பெயர் மைக்கில் ஒலிக்கும். அந்தக் குதிரையை வளர்த்தவர்களையும், அதன் தாய்க்குச் சினை பார்த்தவர்களையும் யாரும் விசாரிப்பதில்லை. அவர்களைப் பார்க்கத்தான் அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் லாயத்துக்குப் போயிருந்தேன்.

தென்னங்கீற்றுக் கொட்டகை. ஊறிய கொள்ளும் தவிடும் கலந்த வாசனை. லாயத்தைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் எதையும் கண்ணாலேயே படிக்கிறவர். ஆண் குதிரை அருகில் வரும்போது பெட்டை காதை மடக்கி உதைக்கிறதா, வாலைத் தூக்கி நிற்கிறதா என்று பார்த்துப் பருவத்தைச் சொல்லிவிடுவார். சினைக்காலம் ஏறத்தாழ பதினோரு மாதம். கடைசி வாரங்களில் மடி இறங்கும். காம்பு நுனியில் மெழுகுபோல் கட்டினால் ஒன்றிரண்டு நாளில் குட்டி என்று அவருக்குத் தெரியும். பெரும்பாலும் தப்பாது.

தப்பிய கதையையும் அவரே சொன்னார். "எட்டாம் மாசமே மடி எறங்குச்சு தம்பி. நல்லதுன்னுதான் நெனச்சோம். ரெண்டும் செத்து விழுந்துச்சு."

ஆடு இரண்டு குட்டி போட்டால் அந்த வீட்டுக்கு யோகம். அதே கொட்டகையில் கட்டியிருக்கும் குதிரைக்கு இரட்டை பெரும்பாலும் இழப்பில்தான் முடிகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நஞ்சுக்கொடி கருப்பையில் அங்கங்கே உள்ள முடிச்சுகளில் மட்டும் ஒட்டுகிறது. குதிரைக்கோ கருப்பையின் உட்சுவர் முழுவதும் படர்ந்தால்தான் ஒரு குட்டிக்கே போதிய உணவு கிடைக்கும். இரண்டு கரு இருந்தால் சுவரைப் பங்கு போட வேண்டும். இரு நஞ்சுக்கொடிகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் எந்தக் குட்டிக்கும் எதுவும் கிடைக்காது. மாதங்கள் ஏற ஏறப் பசி கூடும், ஒன்று இறக்கும், பல நேரம் மற்றதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஏழு முதல் ஒன்பது மாதத்துக்குள் முன்கூட்டியே சுரக்கும் பால் அந்த ஆபத்தின் அறிகுறி. அதைப் பார்க்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இங்கிலாந்தில் ஜெஃப்காட், விட்வெல் இருவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், பந்தயக் குதிரைகளின் இரட்டைச் சினைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இரு குட்டிகளுமே உயிரோடு கிடைக்கவில்லை. 1980-இல் பிரான்சில் பால்மரும் டிரியன்கூரும் குதிரையின் சினையை ஸ்கேனில் பார்த்து எழுதினார்கள். அதன்பின் நிலைமை மாறியது.

அன்று லாயத்துக்கு வந்த கால்நடை மருத்துவரின் முதல் கேள்வி, கடைசியாக என்று குதிரை சேர்த்தீர்கள் என்பதுதான். பெரியவரின் பேரன் செல்போனில் எடுத்த படத்தின் தேதியைக் காட்டினான். குதிரையைக் குழாய் அடைப்புக்குள் நிறுத்தி வாலை ஒதுக்கிக் கட்டினார்கள். தோள்வரை கையுறை, நிறைய ஜெல். சாணத்தை மெல்ல அகற்றிவிட்டு ஸ்கேன் கருவியை உள்ளங்கைக்குள் வைத்து மலக்குடல் வழியாகக் கையை நுழைத்தார். இதில் அவசரம் கூடாது. குடல் கிழிந்தால் குதிரையின் உயிருக்கே ஆபத்து. குதிரை முக்கும்போது கை அசையாமல் நிற்கிறது. அது தளர்ந்ததும் நகர்கிறது. திரையில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அவர் அதோடு நிறுத்தவில்லை. இரு கருப்பைக் கொம்புகளையும் நுனிவரை தேடினார். இரட்டை பெரும்பாலும் இரு முட்டைகளிலிருந்து வருவது. இரண்டாவது முட்டை ஒரு நாள் பிந்தி வெளிப்பட்டிருந்தால் அந்தக் கரு சிறிதாக இருக்கும், கண்ணுக்குத் தப்பும். வயதான குதிரையின் கருப்பையில் இருக்கும் நீர்க்கட்டியும் கருவைப்போலவே தெரியும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் இரண்டு நாளில் மறுபடி பார்ப்பது.

குதிரையின் கரு பதினாறாம் நாள்வரை ஓரிடத்தில் நிற்காமல் கருப்பைக்குள் உலவுகிறது. இரண்டு தென்பட்டால், அதற்குள் ஒன்றை மெதுவாக ஒதுக்கி விரலால் நசுக்கிவிடுகிறார்கள். கேட்கவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் தேர்ந்த கையில் பத்துக்கு ஒன்பது முறை மற்றது பிழைக்கிறது. பதினாறுக்குப் பிறகு இரண்டும் அருகருகே பதிந்துவிட்டால் பிரிப்பது கடினம். முப்பத்தைந்து நாளைத் தாண்டினால் கருப்பைச் சுவரில் உருவாகும் திசுக்கள் ஒரு ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். அதன்பின் கரு கலைந்தாலும் மாதக்கணக்கில் குதிரை சரியாகப் பருவத்துக்கு வராது. அந்த ஆண்டே கையை விட்டுப் போகும்.

எல்லாக் கலைப்பும் இரட்டையால் வருவதல்ல. குதிரை ஹெர்பிஸ் வைரஸும் சினையைக் கலைக்கும். ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் அதற்குத் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. எதனால் கலைந்தது என்பதற்கு விழுந்த நஞ்சுக்கொடியே சாட்சி சொல்லும். இரட்டையாக இருந்திருந்தால், கொடிகள் தொட்டுக்கொண்ட பகுதி மட்டும் வழவழப்பாக வெளுத்திருக்கும். நம் ஊரில் அதை உடனே புதைத்துவிடுகிறார்கள்.

குதிரை வளர்ப்பவர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். குதிரை சேர்த்த கடைசித் தேதியை எழுதி வைத்து, பதினான்காம் பதினைந்தாம் நாளில் ஸ்கேன் வைத்திருக்கும் மருத்துவரை வரவழையுங்கள். சினை கலைந்தால் குட்டியையும் கொடியையும் வெறுங்கையால் தொடாமல், மருத்துவர் பார்க்கும்வரை மூடி வையுங்கள்.