வாகடில் மைனஸ் நாற்பது

காரின் முன்பம்பருக்குப் பின்னே, காற்றுப் படும் இடத்தில், சுண்டுவிரல் நுனியளவே உள்ள ஒரு பொருள் இருக்கிறது. வெளியுலகின் வெப்பத்தை அளந்து ஓட்டுநருக்குச் சொல்வது அதன் வேலை. தெர்மிஸ்டர் என்று பெயர். வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும்; குளிரக் குளிரக் கூடும். இந்தக் குணத்தை வெள்ளி சல்பைடில் கண்டு 1833-இல் எழுதி வைத்தவர் மைக்கேல் பாரடே. அச்சிறு பொருளோடு சென்ற கோடை விடுமுறையில் இரண்டு நாள் மல்லுக்கு நின்றேன், நண்பர்களே!

என் சித்தப்பா வாகடில் இருக்கிறார். புனேயை அடுத்த பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உட்பட்ட இடம் அது. ஹிஞ்சவடியின் கணினிக் கம்பெனிகளுக்குப் போகும் நம்மவர் பலர் அங்கே குடியிருக்கின்றனர். மே மாதம், வெளியே வெயில் கொளுத்துகிறது. சித்தப்பாவின் காரோ ‘மைனஸ் 40’ என்று காட்டுகிறது! சைபீரியாவுக்குக் குடிபோய்விட்டோம் என்று தம்பி தங்கையர் சிரித்தனர். ஆனால் வெளியே கடுங்குளிர் என்றால் கம்பிரசர் ஓடக் கூடாது என்பது அந்த வண்டியின் ஏற்பாடு. ஆகவே ஏ.சி. வேலை செய்யவில்லை. பாட்டியைப் பண்டரிபுரத்துக்கு அழைத்துப் போக நாள் குறித்தாகிவிட்டது. இருநூறு கிலோமீட்டர் வழி. “நான் வயல்லே நிக்காத வெயிலாடா? விட்டலனைப் பாத்தாப் போதும்” என்றாள் பாட்டி. முந்தைய கோடையில் அவள் மயங்கி விழுந்ததை யார் மறப்பது?

பழுது பார்க்கும் நிலையம் ஒன்றில், முன்பக்க வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றனர். தொகையைக் கேட்டதும் சித்தப்பா பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு அந்த நாற்பதின் மேல்தான் சந்தேகம். (செல்சியசும் பாரன்ஹீட்டும் ஒன்றாகும் எண் அது என்பது வேறு வேடிக்கை.) வண்டியின் கணிப்பொறி 5 வோல்ட்டை ஒரு தடையின் வழியாகத் தெர்மிஸ்டருக்கு அனுப்பி, அங்கே எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. வயர் அறுந்தால் மின்னோட்டமே இல்லை. 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கணிப்பொறியின் அகராதியில் அதற்குப் பொருள், தான் அறிந்த மிகக் கடுங்குளிர்! அளவு பிழையாவதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்ற கொள்கை உடையவர் அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1948-இல் இதே புனேயில் வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, கருவிகளைச் செம்மை செய்தவர். எங்கள் வண்டியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

தெர்மிஸ்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் மாட்டி, ஐஸ் கட்டியால் ஒற்றினேன். தடை ஏறியது, ஐஸை எடுத்தேன், இறங்கியது. அது குற்றமற்றது. சாவியைத் திருப்பி அதன் பிளக்கில் அளந்தால், 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வயரைத் தடவிக்கொண்டே போனேன். இடது முகவிளக்குக்குப் பின்னே எலி தன் கைவரிசையைக் காட்டியிருந்தது. ஒரு வயர் துண்டாகியிருந்தது. மற்றதற்குத் தோல் இல்லை.

புத்வார் பேட்டைக் கடையில், சூடு காட்டினால் சுருங்கும் பசைக்குழாய் வாங்கினேன். பேட்டரியின் நெகடிவைக் கழற்றினேன். பச்சை பிடித்த செம்பை வெட்டி, பளபளக்கும்வரை சுரண்டினேன். வயர் குட்டையாகிவிட்டதால் அதே கனத்தில் புதுத் துண்டு சேர்த்து, குழாயை முதலில் நுழைத்து, முறுக்கிப் பற்றவைத்தேன். இணைப்புகள் ஒன்றையொன்று தொடாதபடி மேலும் கீழுமாக அமைத்தேன். தொட்டால், தடையற்றுப்போய் எண் வெயிலின் உச்சிக்குத் தாவிவிடும்.

வண்டியைக் கிளப்பியும் எண் அசையவில்லை. சித்தப்பா முகம் வாடிற்று. நிற்கும்போது எஞ்சின் சூட்டை வெளிவெப்பம் என்று கொள்ளாதிருக்க, ஓடும்போதுதான் எண்ணை ஏற்றும் வண்டி அது. நெடுஞ்சாலையில் பாலேவாடிப் பக்கம் ஓட்டச் சொன்னேன். “ஏறுதுடா தம்பி, ஏறுது!” என்று அவர் கூவியபோது 31, பிறகு 38. கம்பிரசர் ‘டக்’கென்று பிடித்தது.

பண்டரிபுரம் போகும் வழியில் 41 காட்டியது. அதில் தார்ச்சாலையின் சூடும் கொஞ்சம் கலந்திருக்கும். வானிலை நிலையத்து வெள்ளைப் பெட்டி நிழலில் அளப்பது வேறு. பின் இருக்கையில் பாட்டி, போர்வை இருக்கிறதா என்று கேட்டாள்.