அடிக்கு ஒரு நூல்

மே 3, 2025, சனி

குளியலறையை உடைக்க ஆரம்பித்தாயிற்று. அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு, குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த நங்கநல்லூர் வீட்டில் இருப்பதோ 1984இல் கட்டும்போது பதித்த இந்தியன் டாய்லெட். அதற்கு அரையடி மேடை ஏற வேண்டும். பளபளவென்று வெள்ளை டைல்ஸ். ஈரம் பட்டால் எனக்கே கால் நிற்காது.

வந்து பார்த்த ஒப்பந்தக்காரர், பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டி சீக்கிரம் முடித்துத் தருவதாகச் சொன்னார். ஆனால் தரை ஓரம் எந்தக் காலத்திலும் காய்ந்ததில்லை. சுவரின் அடிப்பகுதி உப்புப் பூத்துக் கிடக்கிறது. எவ்வளவு கழுவினாலும் வாடை போகவில்லை. காரணம் தெரியாமல் அதை மூடிவைக்க மனம் ஒப்பவில்லை. நானே உடைத்துப் பார்த்து, நானே செய்வது என்று தீர்மானித்தேன். துணைக்கு எதிர்வீட்டு அக்கா வருகிறார். கல்யாணமான நாளிலிருந்து கட்டட வேலைக்குப் போனவர், சித்தாளாக.

மே 5, திங்கள்

டைல்ஸுக்கு அடியில் இன்னொரு தரை இருக்கிறது. பழைய ரெட் ஆக்ஸைடு தரையைக் கொத்தாமல் அதன் மேலேயே கலவை கொட்டி டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். குளியலறைத் தண்ணீர் ஏன் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தது என்று இப்போது புரிகிறது: இரண்டு தரையும் சேர்ந்து மட்டத்தை இரண்டரை அங்குலம் ஏற்றிவிட்டன.

இரண்டையும் எடுத்தே ஆக வேண்டும். வேலை இரட்டிப்பாகிறது, ஆனால் பலன் உண்டு. தரையைக் கூடத்தைவிடச் சற்றுத் தாழ்வாக அமைத்தால் வாசலில் படியே வேண்டாம். அம்மா காலைத் தூக்கி வைக்காமல் உள்ளே போகலாம். உடைத்த காரையைச் சிமென்ட் சாக்குகளில் பாதிப் பாதியாகக் கட்டினோம். முழுச் சாக்கு கட்டினால் இருவர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. தெருவோரம் கொட்டக் கூடாது என்பதால் ஒரு குட்டி யானை வண்டி பேசியிருக்கிறேன்.

மே 6, செவ்வாய்

மேடையை உடைத்துப் பீங்கானை எடுத்தோம். அக்கா கடப்பாரையை ஊன்றினார். அது மண்ணைத் தொடாமல் உள்ளே இறங்கியது. தரைக்கு அடியில் ஒரு முழம் அளவுக்குப் பள்ளம், வெறும் பொந்து.

கை விளக்கு அடித்துப் பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. அந்தக் காலத்து ஸ்டோன்வேர் குழாய். இரண்டடிக்கு ஓர் இணைப்பு, ஒவ்வொரு இணைப்பிலும் சிமென்ட் பூச்சு. மண் அமர அமர அந்தப் பூச்சு விரிசல் விட்டிருக்கிறது. ஈரம் தேடி வந்த தென்னை வேர் விரிசலுக்குள் நுழைந்து குழாயின் பாதியை அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத தண்ணீர் வெளியே கசிந்து மண்ணை அரித்திருக்கிறது. சுவர் ஈரத்துக்கும் வாடைக்கும் இதுதான் மூலம். மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தால், ஒருநாள் அந்தத் தரை அம்மாவோடு உள்ளே இறங்கியிருக்கும். நினைக்கவே உடம்பு பதறுகிறது.

வெளியே உள்ள சேம்பர் வரை பதினோரு அடியும் தோண்ட வேண்டும். போட்டுவைத்த கணக்கில் இது கிடையாது.

“எனக்குப் பழசே போதும்டி, எதுக்கு இந்த அவஸ்தை?” என்கிறார் அம்மா. வேலை முடியும்வரை கமோடு நாற்காலிதான், அதில் உட்கார அவருக்குக் கூச்சம். “கொஞ்சம் பொறுத்துக்கோம்மா” என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

மே 9, வெள்ளி

கத்திரி வெயிலில் மண் வேலை. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் நிறுத்திவிடுகிறோம். பழைய குழாயை முழுக்க எடுத்துவிட்டு 110 மி.மீ. பிவிசி குழாய் போட்டாயிற்று. அறுபதுக்கு ஒன்று வாட்டம். அதாவது பதினோரு அடிக்கு இரண்டேகால் அங்குலம் இறக்கம். இரு முனைக்கும் தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து மட்டம் பார்த்தோம். வாட்டம் குறைந்தால் கழிவு நின்றுவிடும் என்பதை அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

குழாய்க்கு அடியில் மணல் மெத்தை, மேலே அரையடி அரையடியாக மண் நிரப்பி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டோம். ஒரேயடியாகக் கொட்டி மூடினால் மழைக்காலத்தில் அமர்ந்து குழாயை மறுபடி வளைத்துவிடும்.

புதிய கோப்பைக்கு, பூர்த்தியான சுவரிலிருந்து ஒன்பது அங்குலத்தில் கழிவுத் துளை வர வேண்டும். இப்போது நிற்பது வெறும் செங்கல். பூச்சு அரை அங்குலம், டைல்ஸும் பசையும் அரை அங்குலம். ஆகவே செங்கலிலிருந்து பத்து அங்குலத்தில் வைத்தோம். நானி ட்ராப்பும் புதிது. அதற்குள் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பழைய ட்ராப் வெடித்திருந்ததால் அந்தப் பூட்டே இல்லாமல் போயிருக்கிறது.

மே 10, சனி

பாதிச் சுவருக்கு மட்டும் டைல்ஸ் என்று இருந்தேன். சுவரைத் தட்டினால் எங்கும் டொப் டொப்பென்ற சத்தம். ஓரிடத்தில் உளி வைத்ததும் பூச்சு பலகை பலகையாக விழுந்தது. நான்கு சுவரும் செங்கல் தெரிய நிற்கின்றன.

உள்ளே புதைந்திருந்த ஜி.ஐ. குழாயை அறுத்துப் பார்த்தேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்பும் துருவும் சேர்ந்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை மிச்சம். ஷவரில் தண்ணீர் நூலாக வந்ததற்குக் காரணம் டேங்க் உயரம் அல்ல. எல்லாவற்றையும் சிபிவிசிக்கு மாற்றுகிறேன். நாலரை அங்குலச் சுவரைப் படுக்கைவாட்டில் ஆழமாக வெட்டினால் பலம் போய்விடும். அதனால் குழாய்களைக் கூடியமட்டும் நெட்டுக்குத்தாகவே இறக்குகிறோம்.

கீசர் சுவிட்ச் பெட்டியைத் திறந்த எலக்ட்ரீஷியன் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டே கம்பிகள், எர்த் இல்லை. இத்தனை காலம் அந்தச் சுடுதண்ணீரில்தான் எல்லோரும் குளித்திருக்கிறோம். மின்சாரத்தை மட்டும் உரிமம் பெற்றவரிடமே விட்டுவிட்டேன். எர்த்தோடு சேர்த்துப் புதிய கம்பி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இரண்டும் வருகின்றன. சாதாரண டைல்ஸாக எடுத்துக்கொண்டாவது இந்தச் செலவைச் செய்யலாம்.

மே 12, திங்கள்

பூச்சு வேலை. தூக்குக்குண்டு விட்டால் ஒரு சுவர் ஏழடி உயரத்துக்கு முக்கால் அங்குலம் சாய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்துக் குறுக்கே அளந்தால் ஐந்தடி வர வேண்டும். ஒரு மூலையில் அதுவும் வரவில்லை. டைல்ஸ் இந்தக் கோணலை மறைக்காது, எடுத்துக் காட்டும். ஆகவே பூச்சிலேயே நேராக்க வேண்டும். ஒரே பூச்சில் கனமாக அப்பினால் சரிந்துவிடும் என்பதால் இரண்டு பூச்சு. பி-சாண்ட் நாலுக்குச் சிமென்ட் ஒன்று. கலவைக்குக் குடிதண்ணீர்தான், உப்புத் தண்ணீரில் குழைத்தால் சுவர் மறுபடி பூக்கும்.

இத்தனையும் அக்காவின் கை. சுவரில் ஓட்டுச்சில்லு ஒட்டி மட்டம் வைக்கவும், மட்டப்பலகையால் இழுத்து வழிக்கவும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தே கற்றிருக்கிறார். கலவையும் கல்லும் சுமந்த காலமெல்லாம் ஒரு மேஸ்திரிகூட அவர் கையில் கரண்டியைக் கொடுத்ததில்லை. எத்தனையோ பெண்கள் சித்தாளாகவே தொடங்கிச் சித்தாளாகவே ஓய்ந்துபோகிற தொழில் இது. கொத்தனார் கூலியை நான் கொடுத்தபோது, “எதுக்கும்மா இவ்வளவு?” என்றார். “கரண்டி பிடிச்சது நீங்கதானேக்கா” என்றேன்.

மே 21, புதன்

பூச்சுக்கும் அடித்தரைக்கும் ஒரு வாரத்துக்கு மேல் காலை மாலை தண்ணீர் அடித்துப் பதப்படுத்தினோம். வெயிலில் மதியமும் அடிக்க வேண்டியிருந்தது. அடித்தரையிலேயே அடிக்கு ஒரு நூல் வாட்டம் கொடுத்திருக்கிறார் அக்கா. ஐந்துக்கு ஏழு அடி அறையில் ட்ராப்புக்கு மிகத் தள்ளியிருக்கும் மூலை ஆறடி. ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம் இறக்கம். நடக்கிறவருக்குச் சரிவு தெரியாது, தண்ணீர் மட்டும் ஓடிவிடும்.

தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவையால் உருட்டி மெழுகியபின், நீர்த்தடுப்புப் பூச்சு. முதல் பூச்சு ஒரு வாக்கில், காய்ந்தபின் இரண்டாவது குறுக்கு வாக்கில். சுவரில் ஓரடி உயரம் வரை, ஷவர் பக்கம் ஆறடி வரை.

மே 25, ஞாயிறு

ட்ராப்பை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி, சுவரில் கோடு போட்டு வைத்திருந்தோம். பக்கத்திலேயே ஒரு பாத்திரத்திலும் தண்ணீர்: வெயிலில் ஆவியாவது எவ்வளவு, கசிவது எவ்வளவு என்று பிரித்தறிய. 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாத்திரத்தைவிடத் தரையில் அதிகம் இறங்கியிருக்கிறது.

தண்ணீரை எடுத்துத் துடைத்ததும், ட்ராப் குழாயும் சிமென்டும் சேரும் வளையம் மட்டும் உலராமல் நின்றது. பிவிசியின் வழவழப்பில் சிமென்ட் பிடிப்பதில்லை. சுற்றிக் கொத்தி எடுத்து, குழாயை உப்புத்தாளால் தேய்த்து, சால்வென்ட் பசை தடவி அதன்மேல் மணல் தூவிச் சொரசொரப்பாக்கினோம். பிறகு மறுபடி கலவை, மறுபடி பூச்சு. ஒரு வாரம் தள்ளிப்போகிறது. போகட்டும். டைல்ஸ் ஒட்டியபின் இது தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் அல்லவா பெயர்க்க வேண்டும்!

ஜூன் 2, திங்கள்

இரண்டாவது தடவை கட்டிய தண்ணீர், பாத்திரத்துத் தண்ணீர் அளவுக்குத்தான் குறைந்தது. அக்கா கையைத் தட்டிச் சிரித்தார்.

சுவர் முழுக்க டைல்ஸ் என்று ஆனதால் கூடுதல் பெட்டி வேண்டியிருந்தது. கடையில் அதே மாதிரி இருக்கிறது, ஆனால் பெட்டியில் அச்சிட்ட ஷேடு எண் வேறு. வெளிச்சத்தில் வைத்தால் ஒரு பொட்டு மஞ்சள். சுவர்களில் கலந்து பதித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். கதவுச் சுவர் முழுமைக்கும் புதிய பெட்டியையே வைத்துக்கொண்டோம்.

வெயிலில் பசை சட்டென்று ஆடை கட்டுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்து, பல் கரண்டியால் இழுத்து, அவ்வப்போது ஒரு டைல்ஸை மறுபடி பிடுங்கிப் பின்பக்கம் பார்க்கிறோம். முதுகு முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும். தரைக்கு ஓரடிக்கு ஓரடி, மேட் முகம். சின்ன டைல்ஸ் என்றால் வாட்டத்துக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். இணைப்புக் கோடுகள் கூடுவதால் பாதத்துக்குப் பிடிப்பும் கூடும்.

ஜூன் 7, சனி

பழைய கதவு உள்பக்கமாகத் திறக்கும். அம்மா உள்ளே விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. முதியவர் இருக்கும் வீட்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி ஆசாரி மாற்றிக் கொடுத்தார். அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திருகித் திறக்கும் தாழ்ப்பாள்.

கைப்பிடிகளின் உயரத்தை அளவுப் புத்தகம் பார்த்து வைக்கவில்லை. அம்மாவைக் கோப்பையில் உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொன்னோம். கை தானாகத் தேடிய இடத்தில் பென்சிலால் குறித்தேன். கோப்பையையும், அவர் சிரமமில்லாமல் எழுகிற கூடத்து நாற்காலியின் உயரத்தை அளந்துதான் வாங்கினேன்: இருக்கையோடு பதினெட்டு அங்குலம். டைல்ஸ் தாண்டும்வரை டிரில்லைச் சுத்தியல் முறையில் ஓட்டாமல் துளைத்து, செங்கலுக்குள் நன்றாக இறங்கும் ஆங்கர் போல்ட் முடுக்கினோம். நானும் அக்காவும் மாறி மாறித் தொங்கிப் பார்த்தோம். அசையவில்லை.

ஜூன் 11, புதன்

அம்மா இன்று தனியாகக் குளித்தார். என்னைக் கூப்பிடவில்லை. வெளியே வந்து, “தண்ணி நிக்கவே இல்லடி, கால் பிடிச்சு நிக்குது” என்றார். பிறகு ஷவர் கைப்பிடிக்குப் பக்கத்தில் சோப்பு வைக்க ஒரு தட்டு வேண்டும் என்று கேட்டார். தன் குளியலறையைப் பற்றி அவர் குறை சொல்லத் தொடங்கியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இனி இது அவருடைய அறை.

ஜூன் 14, சனி

இன்று கணக்குப் பார்த்தேன். டைல்ஸ், குழாய்த் திறப்பான்கள் என்று கண்ணுக்குத் தெரிபவற்றைவிட, தரைக்கும் சுவருக்கும் உள்ளே போனவற்றுக்குத்தான் அதிகம் செலவாகியிருக்கிறது. அதில் ஒரு ரூபாய்கூட வீண் என்று தோன்றவில்லை. குளியலறையைப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள் டைல்ஸ் கடைக்குப் போகுமுன் சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள், சுவரைத் தட்டிக் கேளுங்கள், எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தில் பாதியை இவற்றுக்கென்று ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் அழகு பாருங்கள்.

சுவரை மூடுமுன் எடுத்த படங்களை வைத்து ஒரு வரைபடம் போட்டேன். எந்தச் சுவரில் எத்தனை அங்குலத்தில் குழாய் இறங்குகிறது, கம்பி எங்கே போகிறது, கழிவுக் குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எல்லாம் அளவோடு. ஒரு பிரதி வீட்டுப் பத்திரத்தோடு, ஒன்று மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம். கீழே தேதி போட்டு, வேலை செய்தவர்கள் என்று எழுதி, அக்காவின் பெயரை முதலில் போட்டேன். பெயருக்குப் பக்கத்தில்: கொத்தனார்.