கேட்டெழுதும் வேலை

ஒலிப்பதிவு செய்த நேர்காணலைக் கேட்டு எழுதுவதைப்போல அலுப்பூட்டும் பணி இலக்கிய வட்டாரத்தில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. பேட்டி கண்டவருக்குப் பெயர் உண்டு. கொடுத்தவருக்குப் புகழ் உண்டு. இடையில் உட்கார்ந்து எழுதியவனுக்கு முதுகுவலிதான் உண்டு. ஒலிநாடாக் காலத்தில் ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். ஒரு வாக்கியம் ஓடவிட்டு, நிறுத்தி, எழுதி, மீண்டும் பின்னால் சுழற்ற வேண்டும். நாடாவோ தேவைக்கு மேல் பின்னால் போய், எழுதி முடித்த வரியையே திரும்பச் சொல்லும்.

இந்த அலுப்பிலிருந்து ஓர் ஆய்வுத்துறையின் கருவியையே உருவாக்கிய பெண்மணி கெயில் ஜெஃபர்சன். 1963இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தட்டச்சு எழுத்தராகச் சேர்ந்து, சிறைக் காவலர்களுக்கான பயிற்சி அமர்வுகளின் பதிவுகளை எழுதிக்கொண்டிருந்தவர். பிறகு ஹார்வி சாக்ஸின் மாணவியானார். பிறர் தேவையற்றவை என விட்டுவிடும் திக்கல், மூச்சு, சிரிப்பு, இருவர் ஒரே நேரத்தில் பேசுவது என அனைத்துக்கும் குறியீடு வகுத்தார். மௌனத்தை நொடியில் பத்தில் ஒரு பங்குவரை குறித்தார். அவர் காதுக்கு மௌனமும் பேச்சின் ஒரு பகுதியாகவே இருந்தது.

தமிழில் எழுதுகிறவனுக்கு இன்னொரு சுமையும் உண்டு. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு தீர்ப்பு வழங்கியாக வேண்டும்.

முதிய தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரின் நேர்காணலை ஒருமுறை எழுதினேன். பெண் வேடத்தில் பேரெடுத்தவர். “வேஷம் கட்டறத ஏங்க ஐயா நிறுத்துனீங்க?” என்று நண்பர் கேட்கிறார். மௌனம். மின்விசிறியின் சத்தம். வெற்றிலைப் பெட்டி திறக்கும் ஒலி. பிறகு, “அது... வுட்டாச்சி.”

இதை எப்படி எழுதுவது? ‘விட்டுவிட்டேன்’ என்றால் முடிவு அவருடையதாகிவிடும். ‘விட்டுப்போயிற்று’ என்றால் பழி காலத்தின்மேல் விழும். ‘விட்டாயிற்று’ என்றால் இலக்கணம் பொருந்தும், குரல் பொருந்தாது. விட்டது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலிருக்கவே அந்தச் சொல்லைத் தேர்ந்திருக்கிறார் என்பது ஒன்பதாம் முறை கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அடைப்புக்குறிக்குள் ‘நீண்ட மௌனம்’ என்று எழுதி, அவர் சொல்லை அவர் உச்சரித்தபடியே வைத்தேன். அச்சில் அது ‘விட்டுவிட்டேன்’ என்று திருத்தப்பட்டு வெளிவந்தது. மௌனத்துக்கு இடம் போதவில்லை போலும். படித்தவர்கள் அவர் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார் என்றே எண்ணியிருப்பார்கள்.

இன்று மென்பொருள்கள் ஒரு மணி நேரப் பேச்சைச் சில நிமிடங்களில் எழுதித் தருகின்றன. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் தயக்கங்களையும் இழுவைகளையும் அவை பெரும்பாலும் களைந்துவிடுகின்றன. வரிகள் ஒழுங்காக வந்து நிற்கின்றன. அலுப்பு மிச்சம்தான். ஒரு சொல்லை ஒன்பது முறை கேட்டாக வேண்டிய கட்டாயமும் அதனுடனேயே போய்விட்டது. அதனால், பேசியவர் தயங்கிய இடங்களுக்கு மட்டுமாவது பதிவை ஓடவிட்டு, பேனாவோடு உட்கார்ந்து கேட்கிறேன்.