பூச்சுக்கு முன்னால் பாருங்கள்

கோவில்பட்டிக்கு வெளியே, புதிதாக மனை பிரித்த பகுதி ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார். பின்புறம் கொய்யா, எலுமிச்சை, முருங்கை வைக்க ஆசைப்பட்டு, பள்ளமாகக் கிடந்த இடத்தில் செம்மண் அடித்து மேடாக்கி, சுற்றிலும் சுவர் எழுப்பச் சொன்னார். கட்டி முடித்த பிறகு வந்த முதல் ஐப்பசி மழையிலேயே சுவரில் விரிசல் ஓடிவிட்டது. "பூச்சு விரிசல்தான் டீச்சர், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிச்சா தெரியாது" என்று ஒப்பந்தக்காரர் சமாதானம் சொன்னார். ஆசிரியைக்கு மனம் ஒப்பவில்லை. காலமெல்லாம் கரணை பிடித்த முதிய கொத்தனார் ஒருவரை வந்து பார்க்கச் சொன்னார். அவரோடு நானும் போனேன்.

போனவுடன் விரிசலைத் தடவிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தெருப்பக்கம் போய், சுவரின் ஒரு முனையில் நின்று ஒற்றைக் கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். "விரிசல் இருக்கான்னு பாக்கிறது பெருசில்ல சார். எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாக்கணும். அதுதான் காரணத்தச் சொல்லும்."

ஒவ்வொன்றாகக் காட்டினார். பூச்சின் மேல் மட்டும் வலை வலையாகத் தெரிபவை, சாந்து சீக்கிரம் காய்ந்துபோனதால் வந்தவை; சுவருக்கு ஆபத்தில்லை. செங்கல் மூட்டுகளை ஒட்டிப் படிபடியாக இறங்குகிற விரிசல், கடைக்கால் ஒரு பக்கம் அமுங்குவதால் வருவது. தூணை ஒட்டி நெட்டாக இருந்தால் தூணையும் சுவரையும் கல் கோத்துக் கட்டவில்லை என்று பொருள். தரையிலிருந்து சற்று மேலே படுக்கை வசமாக ஒரே வரியில் ஓடி, சுவரும் வெளியே சாய்ந்திருந்தால், உள்ளிருந்து மண் தள்ளுகிறது. அந்தத் தோட்டச் சுவரில் கடைசி வகையே நீளமாக ஓடியது.

தூக்குக்குண்டை எடுத்தார். நூலில் ஒரு கட்டை, அதே அகலத்தில் கீழே ஒரு குண்டு. கட்டையைச் சுவரின் உச்சியில் வைத்துக் குண்டை இறக்கினால், அது சுவரில் பட்டும் படாமலும் நிற்க வேண்டும். இங்கே குண்டு சுவரை விட்டு இரண்டு விரற்கடை விலகித் தொங்கியது. பட்டி பார்த்து மறைக்கிற சங்கதி இல்லை என்று ஆசிரியைக்கும் எனக்கும் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

வீட்டைச் சுற்றி எழுப்பும் மதில், காற்றைத் தாங்கினால் போதும். உள்ளே மண் நிரப்பிய மறுகணம் அது வேறு சுவராகிவிடுகிறது. தேங்கிய நீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 500 கிலோ விசையோடு தள்ளும். உயரம் 2 மீட்டரானால் அந்த விசை 2,000 கிலோ. உயரம் இரட்டிக்க, தள்ளுவது நான்கு மடங்காகிறது. ஈரம் குடித்த மண் இதைவிடவும் அதிகமாக அழுத்தும். நாலரை அங்குலக் கனத்தில் ஐந்தடி எழுப்பிய செங்கல் சுவரின் எடையோ மீட்டருக்கு 300, 350 கிலோதான். மண்ணைத் தாங்கும் சுவருக்கு அடி அகலமாக இருக்க வேண்டும், இடையிடையே முட்டுத்தூண் வேண்டும், உள்ளே சேரும் நீர் வெளியேற அடிப்பகுதியில் வரிசையாகத் துளைகள் வேண்டும். ஆசிரியையின் சுவரில் ஒரு துளைகூட இல்லை. முகப்பு அழகு கெட்டுவிடும் என்று விடவில்லையாம்.

ஒரு மூலையில் பூச்சைக் கொத்திப் பார்த்தோம். மூட்டுக்கு மேல் மூட்டு நேராக வந்திருந்தது. செங்கல்லுக்கு இடையிலான சாந்து 10 மில்லிமீட்டர் கனத்தில் இருப்பதுதான் முறை. இங்கே அதைப்போல் இரண்டு மடங்கு தடித்து, நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. "கல்ல நனைக்காம வச்சிருக்காங்க. காஞ்ச கல்லு சாந்துல இருக்க தண்ணிய உறிஞ்சிரும். அப்புறம் சிமெண்டு எதக் குடிச்சு இறுகும்?" என்றார்.

பிறகு சுவரோரம் பள்ளம் பறிக்கச் சொன்னார். கடைக்கால் ஒன்றரை அடியில் முடிந்துவிட்டது. மேலே அடித்தது செம்மண் என்றாலும் அடியில் இருப்பது கரிசல். மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பல அடி ஆழத்துக்கு வெடிக்கும் மண் அது. அந்த வெடிப்பு எட்டாத ஆழத்தில்தான் கடைக்கால் உட்கார வேண்டும். அடியில் அகன்று விரியும் காங்கிரீட் தூண்களை இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய நிலத்துக்காகவே பரப்பியது. கரிசல்காட்டில் பிறந்த எந்தக் கொத்தனாருக்கும் இந்த மண்ணின் குணம் தெரியும். தெரிந்தும் ஏன் ஒன்றரை அடியோடு நிறுத்தினார்கள்?

அதைத் தெரிந்துகொள்ள, அந்தச் சுவரைக் கட்டிய இளம் கொத்தனாரை வேறொரு வேலையிடத்தில் போய்ப் பார்த்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "நீள அடிக்கு இவ்வளவுன்னு பேசித்தான் கான்ட்ராக்ட் எடுக்காங்க. வானம் ஆழமாத் தோண்டுனா அந்தக் கூலி எங்க தலையில விழும். கல்லு நனைக்கத் தனியா ஆள் கிடையாது. ஒரே நாள்ல நெஞ்சு மட்டத்துக்கு மேல ஏத்தணும்னு நிக்காங்க. நான் முடியாதுன்னு சொன்னா நாளைக்கு வேற ஆள் வந்துருவாரு சார்." பேசும்போதே அவர் கை அடுத்த கல்லைத் தட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தது. தட்டிய விதத்தில் தொழில் இருந்தது. அந்தத் தொழிலைக் காட்டும் நேரத்தைத்தான் யாரும் அவருக்குத் தரவில்லை.

முதிய கொத்தனாரின் சொந்த வேலையிடத்தில் அந்த நேரம் இருந்தது. காலையில் வந்ததும் சித்தாள் அக்கா ஒருவர் தொட்டியில் செங்கல்லை ஊறப்போட்டார். குமிழி அடங்கிய பிறகே எடுத்தார். நல்ல கல்லை ஒரு நாள் முழுக்க நீரில் போட்டாலும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. இவர்கள் இரண்டு கல்லை மோதி ஓசை கேட்டே கழிக்கிறார்கள். சிமெண்டு ஒன்றுக்கு மணல் ஆறு என்று கலந்த சாந்தை, தண்ணீர் ஊற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுகிறார்கள். மிஞ்சிப்போய் இறுகியதைத் தண்ணீர் தெளித்து மறுபடி குழைக்க விடுவதில்லை. நூல் கட்டி, ஒவ்வொரு வரிக்கும் ரசமட்டம் வைத்து, மூன்று நான்கு வரிக்கு ஒருமுறை குண்டு இறக்கி, சுவரை நாலடிக்கு மேல் ஒரே நாளில் ஏற்றாமல் விட்டார்கள்.

அதன்பின் ஏழு நாளாவது தண்ணீர். மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகும் அந்த அக்கா குழாயோடு நின்றார். "இதுக்குத் தனிக் கூலின்னு ஐயா குடுக்காரு. மத்த இடத்துல 'போற போக்குல ஊத்திட்டுப் போ'ம்பாங்க" என்றார். சாந்தின் பதம், கல்லின் ஈரம், வெயிலின் வேகம் மூன்றையும் அறிந்தவர். பல வருடமாகச் சித்தாளாகவே இருக்கிறார். கரணையை யாரும் அவர் கையில் கொடுத்ததில்லை. சுவரின் உறுதியில் பாதியை இவர்தான் கட்டுகிறார் என்பதைப் பார்த்த பிறகு, அது எனக்கு அநியாயமாகவே பட்டது.

ஒரு தோட்டச் சுவருக்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்கள், 2019 டிசம்பர் 2 விடியற்காலையை நினைக்க வேண்டும். மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்துக் குடியிருப்பின் மேல் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். 2014 ஜூலையில் திருவள்ளூர் மாவட்டம் உப்பரபாளையத்தில் கிடங்குச் சுவர் விழுந்து 11 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் சுவர் ஒருவருடையது, இறந்தவர்கள் சுவருக்கு மறுபக்கம் இருந்த ஏழைகள். ஆசிரியையின் சுவருக்கு வெளியேயும் ஒரு சந்து இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் போகிறார்கள்.

ஆசிரியை தயங்கவில்லை. சாய்ந்த பகுதியை இடிப்பது, மண்ணைச் சரிவாக வெட்டி எடுப்பது, கடைக்காலை ஆழப்படுத்தி, துளை விட்டுக் கட்டுவது என்று முடிவானது. செலவில் ஒரு பங்கை ஏற்க ஒப்பந்தக்காரரும் இசைந்தார்.

சுவர் கட்டப்போகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உள்ளே மண் நிரப்பப் போகிறீர்களா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்காலுக்கும் தண்ணீர் ஊற்றுவதற்கும் நீள அடிக் கணக்கில் சேர்க்காமல் தனிக் கூலி பேசுங்கள். கடைக்கால் குழி மூடுவதற்கு முன் ஒருமுறை, பூச்சு பூசுவதற்கு முன் ஒருமுறை, தொழில் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அதுவரை பணத்தின் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். கொத்தனாருக்கு நேரத்தையும் அந்த நேரத்துக்கான கூலியையும் கொடுத்தவர்களுக்குத்தான் அவரிடம் தரம் கேட்கும் உரிமை உண்டு.