படகு வைத்திருப்பவரும் மிஸ்கீனே



திருவண்ணாமலைக்கும் கடலுக்கும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். மலையடிவாரத்தில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருக்கும் நம்மிடம் படகு இஞ்சினைப் பற்றி ஒருவர் மஸ்அலா கேட்பார் என்று நாம் எண்ணியதில்லை. நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் தொண்டிப் பக்கத்துக் கடற்கரையைச் சேர்ந்தவர். சென்ற ரஜப் மாதத்தில் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், அத்தாவுடைய வள்ளத்து இஞ்சினுக்குப் பதினான்கு வயதாகிவிட்டது. பழுது பார்த்து ஓட்டலாம் என்கிறார் அத்தா. புதிது வாங்க வேண்டும் என்கிறார் அண்ணன். மார்க்கத்தில் இதற்கு ஏதும் வழிகாட்டல் உண்டா?" என்று கேட்டார்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதை நம்மிடம் கேட்கிறாரே என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல, அந்த ஒரு கேள்விக்குள் உயிர், கடன், ஸகாத் என்று மூன்று விஷயங்கள் அடங்கியிருப்பது தெரிந்தது. ஆகவே இதனை இங்கே எழுதுகிறோம்.

நாட்டுப்படகின் பின்புறத்தில் வெளியே தொங்கும் இஞ்சினை அவுட்போர்டு என்கிறார்கள். அது கடல்நீரையே உள்ளிழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கரை திரும்பியதும் நல்ல தண்ணீரை உள்ளே ஓடவிட்டு உப்பைக் கழுவினால் அதன் ஆயுள் நீளும். இராமநாதபுரம் சீமையில் குடிப்பதற்கே குடத்தில் தண்ணீர் சுமந்தவர்கள் இஞ்சினுக்கு எங்கே போவார்கள்! உப்பு உள்ளேயே தங்கி உலோகத்தைத் தின்றுவிடுகிறது.

மெக்கானிக் பிரித்துப் பார்த்திருக்கிறார். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. பிஸ்டன் ரிங்குகளும் போய்விட்டன. இவை இரண்டும் மாற்றக்கூடியவை, செலவும் குறைவு. ஆனால் கீழே கியர் பெட்டியிலிருந்த எண்ணெய் பால் போல வெளுத்திருந்தது. சீல் விட்டுப்போய்க் கடல்நீர் உள்ளே புகுந்திருப்பதன் அடையாளம் அது. பற்சக்கரங்களும் பேரிங்கும் துருவேறிக் குழிவிழுந்திருந்தன. "ஓடவைத்துத் தருகிறேன், நடுக்கடலில் நிற்காது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது" என்றாராம். நேர்மையான மனிதர். வேலை கிடைத்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை.

நம் ஊரில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் நின்றால் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறோம். காயில் கட்டி வரும்வரை இரண்டு நாள் சிரமம், அவ்வளவுதான். கடலில் இஞ்சின் நின்றால் படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். பாக் நீரிணையில் வாடைக்காற்றுக் காலத்து அலைகளே ஓர் ஆபத்து. போதாததற்கு 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோடும் அங்கே இருக்கிறது. தெரிந்து தாண்டினாரா, இஞ்சின் நின்று மிதந்து வந்தாரா என்பதை அந்தக் கோடு பார்ப்பதில்லை. படகு பறிபோய்ச் சிறையில் கிடந்தவர்களின் குடும்பங்கள் அந்தக் கரை நெடுகிலும் உண்டு.

எனவே நாம் மாணவரிடம் முதலில் கேட்டது, அத்தாவுடன் யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்பதைத்தான். கூலிக்கு வரும் இருவர் என்றார். ஒருவர் தம் பொருளைத் தாமே துணிந்து பயன்படுத்துவது வேறு. அந்தத் துணிச்சலுக்குள் பிறர் பிள்ளைகளை ஏற்றிக்கொள்வது வேறு. தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழி ஃபிக்ஹின் பெரும் அடிப்படைகளில் ஒன்று. மெக்கானிக் சொன்னதை அந்த இருவரிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டு, பிறகும் அவர்கள் வருவார்களா என்று கேட்கச் சொன்னோம்.

இதனால் பழுது பார்ப்பது இழிவு என்று ஆகிவிடாது. நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரழி) அறிவித்திருக்கிறார்கள். சூரா கஹ்ஃபில் ஹிள்ரு (அலை) அவர்கள் பழுதாக்கிய படகு என்னவாயிற்று? பறிக்கும் அரசனைக் கடந்த பிறகு உரிமையாளர்கள் அதைச் செப்பனிட்டுப் பயனடைந்தார்கள் என்று புகாரியில் வருகிறது. பலகை போனால் பலகை போடலாம். இம்பெல்லர் மட்டும் போயிருந்தால் நாமும் அத்தாவின் பக்கமே நின்றிருப்போம். கைவிரலைப் போல ஒரு துண்டு ரப்பர் தேய்ந்ததற்காக ஓர் இஞ்சினையே தூக்கிப் போடுவது வீண்விரயம்.

சரி, புதிது வாங்குவதென்றால் பணம்? விலை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. மீன் வியாபாரி ஒருவர் முன்பணம் தர முன்வந்தார். வட்டி இல்லை என்றும் சொன்னார். ஆனால் கடன் தீரும்வரை பிடிக்கும் மீன் முழுவதையும் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். கடற்கரைகளில் இது வெகுகால வழக்கம். கடன் கொடுத்தவர் அந்தக் கடனைக் காட்டி அடைய நிபந்தனையிடும் பயன் எதுவும் வட்டியே என்பது நம் இமாம்களின் முடிவு. நோட்டாக வாங்கினால் என்ன, கிலோவுக்கு இவ்வளவு என்று நண்டிலும் இறாலிலும் கழித்துக்கொண்டால் என்ன? அதைவிடக் கடைக்காரரிடம் தவணைக்கு வாங்குவது மேல். ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருந்தாலும், ஒரே விலையை முதலிலேயே பேசி முடித்து, தவணை தவறினால் தொகை ஏறாது என்றிருந்தால் பெரும்பாலான உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். அந்தக் கடையிலோ தாமதத்துக்கு அபராதம் எழுதியிருந்தார்கள்.

அந்த இடத்தில்தான் ஸகாத்தைப் பற்றிச் சொன்னோம். மாணவர் திடுக்கிட்டுப் போனார். "எங்களிடம் வள்ளம் இருக்கிறதே ஹஜ்ரத், நாங்கள் எப்படி ஸகாத் வாங்குவது?" என்றார்.

இந்தத் தயக்கம் நம் சமுதாயத்தில் பரவலாக இருக்கிறது. ஹிள்ரு (அலை) அவர்களின் சம்பவத்தில் அந்தப் படகுக்காரர்களை அல்லாஹுத்தஆலா என்ன பெயரால் குறிப்பிடுகிறான்? கடலில் உழைக்கும் மிஸ்கீன்கள் என்று. படகு இருந்தும் மிஸ்கீன்கள்! ஓரளவு இருந்தும் தேவைக்குப் போதாதவரே மிஸ்கீன் என்பதற்கு ஷாஃபிஈ இமாம்கள் இந்த வசனத்தையே ஆதாரமாக்குகிறார்கள். தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழிற்கருவியை வாங்கும் அளவுக்கு ஸகாத்தில் கொடுக்கலாம், கருவியின் விலை குறைவானாலும் அதிகமானாலும் சரியே என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மஜ்மூஉவில் எழுதியிருக்கிறார்கள். கடற்கரை மக்கள் ஷாஃபிஈகள், நாம் ஹனஃபிகள். நம் மத்ஹபில் ஒன்றுமே இல்லாதவர்தான் மிஸ்கீன். இந்த வசனத்துக்கு வேறு விளக்கமும் உண்டு. ஆயினும் தொழிற்கருவி அடிப்படைத் தேவையில் சேரும், நிஸாப் கணக்கில் வராது என்பதால் வள்ளம் வைத்திருப்பது ஸகாத் வாங்கத் தடையாகாது. ஒருவருக்கே நிஸாப் அளவு கொடுப்பது மக்ரூஹ் என்றாலும், கடனாளிக்கும் பெரிய குடும்பம் உள்ளவருக்கும் அதில் விலக்கு உண்டு.

உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் கிண்ணத்தையும் ஏலம் விட்டு, ஒரு திர்ஹமுக்குக் கோடரி வாங்கச் செய்து, அதற்குத் தம் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. நாமோ ரமழானில் வங்கியில் சில்லறை நோட்டு மாற்றி வந்து, வாசலில் வரிசை நிற்க வைத்து ஆளுக்கொன்றாய்க் கொடுக்கிறோம். அந்த வரிசை அடுத்த வருடமும் நிற்கிறது. ஒரு ஜமாஅத்தின் ஸகாத்தைத் திரட்டி வருடத்துக்கு நான்கு பேருக்கு இஞ்சினோ தையல் எந்திரமோ வாங்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்டால், வாசலுக்கு வருபவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்கிறார்கள். கேட்டு வருபவர்களுக்கும் கொடுக்கட்டும்; கேட்கக் கூசி வீட்டிலிருப்பவரையும் தேடிப் போகட்டும்.

ஓர் ஊரின் ஸகாத்தில் அவ்வூர் ஏழைகளுக்கே முதல் உரிமை. ஆதலால் நாம் இங்கே வசூலிக்காமல், அவர்கள் ஊர்ப் பள்ளி இமாமுக்கு விவரமாக எழுதினோம். ஜமாஅத்தார் கூடிப் பேசினார்கள். பாதித் தொகையை ஸகாத்திலிருந்து அத்தாவின் கையிலேயே கொடுத்தார்கள். மீதியைப் பைத்துல்மாலிலிருந்து அழகிய கடனாகத் தந்தார்கள். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கும் உரியவை; அந்த நான்கு நாள் வருமானத்திலிருந்து முடிந்ததைத் திருப்பிக் கட்டுகிறார்கள். ஷஃபான் கடைசியில் புது இஞ்சின் வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பழையதை விற்பதில் ஒரு சிறு சோதனை வந்தது. பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒருவர் வந்து நல்ல விலை சொன்னார், தம் படகில் மாட்டிக்கொள்ள. வெளுத்த எண்ணெயைத் திறந்து காட்டினார் அத்தா. வந்தவர் விலையைக் குறைத்துக் கேட்டும் கொடுக்கவில்லை. மெக்கானிக்கிடமே மலிவாகக் கொடுத்துவிட்டார். அவர் கார்புரேட்டரையும் மேல்மூடியையும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை இரும்புக்கடையில் எடைக்குப் போட்டார்.